கம்பளத்தில் குடியிருக்கும் தூசி

ஊரில் பாயை உதறி வெயிலில் போடுவோம். இங்கே வரவேற்பறைக் கம்பளம் வாங்கிய நாளிலிருந்து இடம் மாறுவதே இல்லை. குழந்தை அதன்மேல்தான் தவழ்கிறது. இரவில் இருமினால், "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறோம். காரணம் நம் காலடியிலும் இருக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள், நாம் உதிர்க்கும் தோல்துகளைத் தின்று கம்பள இழைகளில் வாழ்கின்றன. அவற்றின் எச்சம் அலர்ஜியையும் ஆஸ்துமாவையும் தூண்டும். வீட்டுக் காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினால் அவை பெருகும். ஹூஸ்டன் வீடுகளிலும் நியூ ஜெர்சி பேஸ்மென்ட்களிலும் இதைக் கவனியுங்கள்.

என்ன செய்யலாம்?

* வாரம் ஒருமுறையாவது வேக்குவம் செய்யுங்கள். குழந்தையோ செல்லப்பிராணியோ இருந்தால் இருமுறை. ஹெப்பா ஃபில்டர் இருந்தால் நுண்தூசி மீண்டும் காற்றில் பரவுவது குறையும். ஆஸ்துமா உள்ளவர் அந்நேரம் வேறு அறையில் இருக்கட்டும்.
* அவ்வப்போது கம்பளத்தைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் சுத்தம் செய்யுங்கள்.
* துவைக்கக்கூடிய சிறு விரிப்புகளை, லேபிள் அனுமதித்தால், 130 டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில் துவையுங்கள். பூச்சிகள் சாகும்.
* 12 முதல் 18 மாதங்களுக்கு ஒருமுறை தொழில்முறையில் சுத்தம் செய்யக் கொடுங்கள். நனைந்த கம்பளம் ஒரு நாளுக்குள் காய வேண்டும். இல்லையேல் பூஞ்சை பிடிக்கும்.

செருப்பை வாசலிலேயே விடும் நம் வழக்கத்தை இங்கும் விடாதீர்கள். இருமல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் கம்பளம் இருப்பதையும் சொல்லுங்கள்.