மூக்கிரட்டை: களையா? கீரையா?

தாராபுரம் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் அமைந்தது. அமராவதியின் பாசனம் எட்டாத இடங்களில் மானாவாரி நிலங்களும், கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களும் பரந்து கிடக்கின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்ததும் அங்கே விதைக்காமலே பல கீரைகள் முளைக்கின்றன. பண்ணைக்கீரையையும் தொய்யக்கீரையையும் இன்றும் பலர் அறிவர். ஆனால், தரையோடு படரும் மூக்கிரட்டையைக் களை என்று பிடுங்கி எறிவோரே மிகுதி.

கோடையில் இக்கொடி காய்ந்து மறைந்தாலும், இதன் தடித்த வேர் மண்ணுக்குள் உயிரோடிருக்கும். மழை பெய்ததும் மீண்டும் தளிர்க்கும். அதனால் வடமொழியில் இதற்குப் 'புனர்நவா' என்று பெயர். 'மீண்டும் புதிதாவது' என்பது அதன் பொருள். போயர்ஹாவே என்னும் டச்சு மருத்துவரின் பெயரைத் தாங்கிய 'போயர்ஹாவியா டிஃப்யூசா' என்பது இதன் தாவரவியல் பெயர். லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இப்பெயர் இடம்பெற்றுள்ளது.

இளந்தளிர்களைப் பாசிப்பருப்புடன் சேர்த்துக் கடைந்தோ, பொரியலாகச் செய்தோ உண்பர். உடல் வீக்கம், காமாலை ஆகியவற்றுக்கு இதன் வேரையும் இலையையும் மரபு மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றனர். சிறுநீரைப் பெருக்கும் தன்மையும் கல்லீரலைக் காக்கும் தன்மையும் இதற்கு உண்டு என்பதை விலங்குகளில் நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும், விலங்கில் கண்ட பயன் மனிதரிடமும் அவ்வாறே அமையும் என்று முடிவு கட்டிவிட இயலாது. கீரையாக அளவோடு உண்பது வேறு; நோய்க்கு மருந்தாகக் கொள்வது வேறு. சிறுநீரக நோயுடையோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் இதனை உட்கொள்ளலாகாது.

செடியைச் சரியாக இனங்காண்பதும் இன்றியமையாதது. மூக்கிரட்டை வேருக்கு மாற்றாகச் சாரணை வேரை விற்பதும் உண்டு. இரண்டும் தரையில் படர்பவை; ஒரே கணுவில் எதிரெதிராக அமையும் இரு இலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருப்பது இரண்டிலும் காணப்படும். ஆகவே, பூவையும் காயையும் நோக்க வேண்டும். மூக்கிரட்டையின் சிறிய செந்நிறப் பூக்கள் மெல்லிய காம்புகளின் நுனியில் கொத்தாக நிற்கும். காய்கள் ஆடையில் ஒட்டிக்கொள்ளும். சாரணையின் இலைகள் சதைப்பற்றுள்ளவை. அதன் பூவோ இலைக்கக்கத்தில் தனித்தனியே பாதி மறைந்திருக்கும்.

இத்தகைய வேறுபாடுகளைக் களை பறிக்கும் மூதாட்டியர் பார்த்த அளவிலேயே சொல்லிவிடுவர். இன்று களைக்கொல்லி தெளிக்கப்படும் வயல்களில் செடியும் அழிகிறது. களை பறிக்கும் வேலை குறையவே அவர்தம் அறிவும் அடுத்த தலைமுறையைச் சென்றடைவதில்லை. அடுத்த மழைக்குப் பின் உங்கள் ஊர் மூதாட்டி ஒருவருடன் வயலுக்குச் செல்லுங்கள். அவர் காட்டும் கீரைகளின் பெயரையும் அடையாளத்தையும் பயனையும் எழுதி வையுங்கள்.