பனிச்சரிவும் மலைச்சறுக்குவோரும்

பனி என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழர் நினைவுக்கு வருவது மார்கழி விடியலிலே புல்நுனியில் தங்கும் நீர்த்துளியாகும். ஞாயிறு எழுந்ததும் அது மறைந்துவிடும். ஐரோப்பாவின் அல்ப்ஸ் மலைகளிற் பெய்யும் வெண்பனியோ அத்தகையதன்று. கார்த்திகையில் விழுந்த பனியின்மேல் மார்கழிப் பனியும், அதன்மேல் தைப் பனியும் விழுந்து, இளவேனில் வரும்வரை உருகாது கிடக்கும். ஆளுயரத்துக்கு மேலாகவும் குவியும் அவ்வெண்பனி, ஆறுகளுக்கு ஊற்று. இளைஞர்க்கு விளையாட்டுக் களம். சிலவேளைகளில் மனிதரைப் புதைக்கும் குழியும் அதுவே.

சுவிற்சர்லாந்து நாட்டிலே பனிச்சறுக்கு என்பது செல்வர்க்கு மட்டும் உரிய கேளிக்கையன்று. பாடசாலைப் பிள்ளைகளும் ஆசிரியருடன் சறுக்கு முகாம்களுக்குச் செல்வது அங்கு வழக்கமாகும். இலங்கையிலிருந்து சென்று அந்நாட்டிற் குடியேறிய தமிழர் பல்லாயிரவர். அவர்தம் பிள்ளைகளும் இவ்விளையாட்டை அறிவர். ஆகவே அம்மலைகளின் ஆபத்து இங்குள்ள நேயர்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

சறுக்குவோர் செல்லும் இடங்கள் இருவகைப்படும். ஒன்று, செப்பனிட்டுக் கொடிக்கம்பங்களால் எல்லையிடப்பட்ட பாதை. அங்கே காவலர் உளர். ஆபத்தான பனி மேலே தங்கியிருப்பின், வெடிவைத்து அதனை வீழ்த்திய பின்னரே பாதையைத் திறப்பர். மற்றொன்று, எல்லைக் கம்பங்களுக்கு அப்பால் எவர் காலும் படாத வெண்பனி பரந்து கிடக்கும் காவலற்ற சரிவு. இங்குதான் இன்பமும் மிகுதி, இடரும் மிகுதி.

முன்னாளில் நிலைமை வேறாக இருந்தது. 1950–51 ஆம் ஆண்டு மாரியிலே சுவிற்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவுகளினால் மாண்டனர். அவருட் பலர் தம் வீடுகளில் இருந்தவர்கள். அன்று மலை மனிதனை நாடி வந்தது. அதன்பின் இரும்புத் தடுப்புகளும், பேணப்பட்ட காடுகளும், வீடு கட்டத் தகாத நிலங்களைக் குறிக்கும் வரைபடங்களும் ஊர்களைக் காத்து நிற்கின்றன. இன்றோ மனிதனே மலையை நாடிச் செல்கிறான். இப்போது அந்நாட்டிற் பனிச்சரிவினால் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 20க்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் காவலற்ற சரிவுகளிற் சறுக்கவோ ஏறவோ சென்றவர்கள். இதனினும் வியப்பான உண்மை ஒன்றுண்டு. இத்தகைய விபத்துகள் பத்தில் ஏறத்தாழ ஒன்பதில், பனியைப் பெயர்த்துவிட்டவர் அதிற் சிக்கியவரே. அன்றேல் அவருடன் சென்ற தோழர்.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? வெளித்தோற்றத்தில் ஒரே வெண்மையாகத் தெரியும் பனி, உள்ளே பல படைகளால் ஆனது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒவ்வொரு படை. அப்படைகள் யாவும் ஒரே உறுதியுடையன அல்ல. பனியின் அடியிலுள்ள நிலம் ஏறத்தாழ சுழியப் பாகை வெப்பநிலையில் இருக்கும். தெளிந்த இரவிலே மேற்பரப்போ அதனினும் பல பாகை குளிர்ந்துவிடும். அடியிலிருந்து நீராவி குளிர்ந்த மேற்பகுதியை நோக்கி நகரும். அப்போது பனித்துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருந்த பிணைப்பு அற்று, முனைகளையுடைய பருமணிகளாக மாறும். அவற்றைக் கையில் அள்ளினால் சீனிபோல விரலிடையே ஒழுகும். மாரியின் தொடக்கத்தில் மெல்லிதாகப் பெய்து, பின் பல நாட் குளிரில் வாடிய பனியே பெரும்பாலும் இவ்வாறு வலுவிழக்கின்றது.

இதன்மேல் புதுப்பனி பெய்கிறது, காற்றும் அடிக்கிறது. காற்று, மலையின் ஒரு பக்கத்துப் பனியை வாரிச் சென்று மறுபக்கத்துச் சரிவிலே குவித்து இறுக்கிவிடுகிறது. இங்ஙனம் உறுதியற்ற படையின்மீது இறுகிய பாளமொன்று அமர்கிறது. கரடான பலகையொன்றில் சீனியைப் பரப்பி, அதன்மேல் மாவைக் கனமாக அழுத்திவைத்துப் பலகையை மெல்ல உயர்த்திப் பார்த்தால், ஒரு கட்டத்தில் மாவு முழுவதும் ஒரே துண்டாக நழுவுவதைக் காணலாம். மலையில் நிகழ்வதும் அதுவே. பெரும்பாலான பாளச்சரிவுகள் 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்வுகளிலேயே தொடங்குகின்றன. மாணவரின் கேத்திரகணிதப் பெட்டியிலுள்ள இரு மூலைமட்டங்களிலும் இவ்விரு கோணங்களையும் காணலாம். சறுக்குவோர் மிக விரும்பும் சாய்வும் இதுவே என்பது கவனிக்கத்தக்கது.

அத்தகைய சரிவின்மீது ஒரு மனிதன் செல்கிறான். அவன் பாரம் பாளத்தை ஊடுருவி, கீழேயுள்ள மணற்பாங்கான படையை ஓரிடத்தில் நொறுக்குகிறது. அந்நொறுங்கல் கண்ணிமைக்கும் நேரத்தில் சரிவெங்கும் பரவுகிறது. அவனுக்கு மேலே ஒரு பிளவு தோன்றுகிறது. அடுத்த கணம் அவன் நின்ற நிலமே ஓடத் தொடங்குகிறது. அவனுக்கு முன் பத்துப்பேர் அவ்வழியே நலமாய்ச் சென்றிருக்கலாம். பாளம் தடித்த இடத்தில் அவர்கள் மிதித்தார்கள்; மெலிந்த இடத்தில் இவன் மிதித்தான். ஆதலின், முன்சென்றோர் தடம் பாதுகாப்புக்குச் சான்றாகாது.

இவ்வுண்மைகளைக் கண்டறியவே, 1936 ஆம் ஆண்டில் டாவோஸ் நகருக்கு மேலேயுள்ள வைஸ்ஃபுளூயோக் என்னும் மலையில், 2,600 மீற்றருக்கும் மேலான உயரத்தில், சுவிஸ் ஆய்வாளர் தம் பணியைத் தொடங்கினர். அதிலிருந்து வளர்ந்த நிறுவனம் 1945 முதல் பனிச்சரிவு அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. இக்காலத்தில் மாரிதோறும் நாள்தவறாது மாலை ஐந்து மணிக்கும், பருவத்தின் முக்கிய மாதங்களிற் காலை எட்டு மணிக்கும் அவ்வறிக்கை வெளிவருகிறது. ஆபத்தை ஐந்து படிகளாக வகுக்கும் அளவுமுறை 1993 இல் ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவாயிற்று. குறைவு, மிதம், கணிசம், மிகுதி, மிக மிகுதி என்பன அப்படிகள்.

நான்காம், ஐந்தாம் படிகளிலேயே உயிரிழப்பு மிகும் என எவரும் எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. சுவிற்சர்லாந்தில் இறப்போருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம் படி அறிவிக்கப்பட்ட நாட்களிலேயே இறக்கின்றனர். ஐந்தாம் படியில் புயல் வீசும், ஒருவரும் வெளியேறார். மூன்றாம் படியிலோ வானம் தெளிந்திருக்கும், புதுப்பனி ஒளிரும், ஐந்தில் மூன்று என்னும் எண்ணும் நடுத்தரமாகவே தோன்றும். ஆனால் ஒரு மனிதனின் பாரமே பாளத்தைப் பெயர்க்கப் போதும் என்பதே மூன்றாம் படியின் பொருளாகும்.

மலையும் சில அடையாளங்களைக் காட்டுகிறது. அண்மையில் விழுந்த பனிச்சரிவுகள் அயற்சரிவுகளிற் காணப்படல், காலடியிற் பனி அமிழ்ந்து ஆழ்ந்த முழக்கம் எழுதல், சறுக்குப் பலகையிலிருந்து பிளவுகள் ஓடுதல், திடீரென வெம்மை ஏறுதல் ஆகியன அவை. முழக்கம் கேட்டதென்றால், கீழ்ப்படை நொறுங்கிவிட்டது என்று பொருள். சாய்வு போதாமையாலேயே பாளம் நழுவவில்லை. அந்நிலையில் முன்செல்லாது, சாய்வு குறைந்த வழியைத் தேடுவதே அறிவுடைமை.

புதையுண்டவருக்கு நிமிடங்களே உயிர். பனி ஓடி நின்றதும் கொங்கிறீற்றுப்போல் இறுகிவிடும். விரலையும் அசைக்க இயலாது. முதற் பத்து நிமிடங்களுள் மீட்கப்படுவோர் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அரைமணி நேரம் கடந்தால் மூவரே எஞ்சுவர். பெரும்பாலோரைக் கொல்வது மூச்சடைப்பு. தொலைவிலிருந்து உலங்குவானூர்தி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. அருகில் நிற்கும் தோழரே மீட்க வேண்டும். எனவே ஒவ்வொருவரும் நீண்ட துழாவுகோல், மண்வெட்டிபோன்ற அள்ளுகருவி, உடலோடு கட்டிய சிறு வானொலிக் கருவி ஆகிய மூன்றையும் கொண்டு செல்வர். அக்கருவி 457 கிலோஹேட்ஸ் அலையிலே இடையறாது ஒலிக்குறி அனுப்பும். நேயர்கள் அறிந்த மத்திய அலைவரிசைக்குச் சற்றே கீழுள்ள அலை அது. தோழர்கள் தம் கருவிகளைக் கேட்கும் நிலைக்கு மாற்றி, குறி வலுக்கும் திசையில் ஓடித் தோண்டுவர். ஆபத்தான சரிவை ஒருவர் பின் ஒருவராகவே கடப்பர். எல்லோரும் ஒருங்கே புதைந்தால் தோண்டுதற்கு ஆளில்லையன்றோ?

ஆயினும் கருவி இறுதித் துணையே. முதற் காவல், வீட்டைவிட்டுப் புறப்படுமுன் எடுக்கும் முடிவாகும். மாலை அறிக்கையைப் படித்து, எந்த உயரத்தில், எத்திசை நோக்கிய சரிவில் இடருண்டு எனத் தெரிந்து, மறுநாள் 30 பாகைக்குக் குறைந்த சாய்வையே தேர்பவர் இன்பத்திற் சிறிது இழக்கிறார். அவர் வேகம் குறைகிறது. தோழர் நகைக்கவும் கூடும். மாலையில் அவர் வீடு திரும்புகிறார். அல்ப்ஸ் மலைவாசிகள் தம் பிள்ளைகளுக்கு இன்றும் கற்பிக்கும் பாடம் இதுவேயாகும்.