அணையா விளக்கு
அருங்காட்சியகங்களின் இணைய வாசல் எப்படி இருக்க வேண்டும்?

இலண்டன் மாநகரிலுள்ள விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாரசீகக் கம்பளம் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஈரான் நாட்டு அர்தபீல் நகரில் அமைந்த ஷைகு ஸஃபியுத்தீன் அவர்களின் அடக்கத்தலத்தோடு தொடர்புடையது அது. ஆதலால் 'அர்தபீல் கம்பளம்' என்று உலகம் அதனை அழைக்கிறது. கி.பி. 1539-40ஐக் குறிக்கும் ஹிஜ்ரி 946 என்னும் ஆண்டும், மக்ஸூத் என்னும் பெயரும் அக்கம்பளத்திலேயே நெய்யப்பட்டுள்ளன. பத்து மீட்டருக்கும் மேற்பட்ட நீளம். ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட அகலம். சதுர அங்குலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 340 முடிச்சுகள்! 1893ஆம் ஆண்டில் 2,000 பவுன் கொடுத்து அதனை வாங்கினார்கள்.

ஆனால், ஆயிரக்கணக்கான கல் தொலைவைக் கடந்து அங்கே செல்பவரும் அதனை விரும்பிய நேரத்தில் முழு ஒளியில் கண்டுவிட முடியாது. பழஞ்சாயம் ஒளிபட்டு வெளுத்துவிடலாகாது என்பதற்காக அரைமணிக்கு ஒருமுறை, பத்து நிமிட நேரமே விளக்கேற்றுகிறார்கள். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே நிற்பவர், கம்பளத்தின் நடுவிலுள்ள பூவேலைப்பாட்டை அருகில் குனிந்து பார்க்கவும் இயலாது. அதே அருங்காட்சியகத்தின் இணையதளத்திலோ விளக்கு அணைவதே இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்கும் பார்க்கலாம். கடல் கடந்த சிற்றூரில் இருந்தும் பார்க்கலாம்.

அருங்காட்சியகத்துக்கு இணையதளம் எதற்கு என்னும் வினாவுக்கு இந்த ஒரு கம்பளமே விடை கூறிவிடுகிறது. அங்கே காக்கப்படும் பொருள்கள் காவலரின் சொத்தல்ல. தலைமுறைகளுக்காக ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பத்திரமாகப் பூட்டி வைப்பது கடமையில் பாதி. உரியவர்கள் கண்ணாரக் காணச் செய்வது மறுபாதி.

அறிவிப்புப் பலகையா, வாசலா?

அருங்காட்சியகங்கள் பலவற்றின் இணையதளங்களைத் திறந்து பாருங்கள். கட்டடத்தின் புகைப்படம், இயக்குநரின் வாழ்த்துரை, திறக்கும் நேரம், நுழைவுக் கட்டணம், விடுமுறை நாள்கள். அத்தோடு முடிந்தது. பொருள்களின் படங்கள் இருந்தாலும் அவை அஞ்சல்தலை அளவில் இருக்கும். அதற்கும் குறுக்கே நிறுவனத்தின் பெயரைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். கீழே, 'கலம். பித்தளை. 14ஆம் நூற்றாண்டு' என்று நான்கே சொற்கள்!

இதனை வாசல் என்பதா? வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகை என்றே சொல்ல வேண்டும். பலகையைப் படிப்பவர் செய்தி அறிந்ததும் நகர்ந்துவிடுவார். வாசல் திறந்திருந்தால்தான் உள்ளே வருவார், வந்தவர் தங்குவார், தங்கியவர் மீண்டும் வருவார்.

மஞ்சள் பூத்த ஓவியம்

இவ்வுண்மையைத் தன் அனுபவத்தால் உணர்ந்து செயல்பட்டது நெதர்லாந்து நாட்டின் தேசிய அருங்காட்சியகம். ஆம்ஸ்டர்டாம் நகரில் உள்ள அதன் பெயர் ரைக்ஸ்மியூசியம். அதன் முதன்மைக் கட்டடம் 2003ஆம் ஆண்டில் பெருஞ் சீரமைப்புக்காக மூடப்பட்டு, 2013 ஏப்ரலில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் தேர்ந்தெடுத்த ஒரு பகுதியையே மக்கள் காண முடிந்தது. கட்டடம் திறந்த பின்னரும் நிலைமை என்ன? அதன் உடைமைகள் ஏறத்தாழ பத்து இலட்சம். கூடங்களில் காட்சிக்கு வைத்தவையோ சுமார் எட்டாயிரம். நூற்றில் ஒன்றுகூட இல்லை!

இந்நிலையில் விந்தையான சிக்கல் ஒன்றும் எழுந்தது. பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீர் வரைந்த, பால் ஊற்றும் பணிப்பெண்ணின் ஓவியம் அங்குள்ள புகழ்பெற்ற செல்வங்களுள் ஒன்று. அதன் தரங்குறைந்த நகல்கள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் பரவியிருந்தன. அவற்றுள் பல மஞ்சள் பூத்துக் கிடந்தன. அந்த நகல்களையே பார்த்துப் பழகியவர்கள், அருங்காட்சியகக் கடையில் விற்ற சரியான நிறமுள்ள அஞ்சலட்டையைக் கண்டு, இது மூல ஓவியத்தின் படந்தானா என்று ஐயுற்றார்களாம்! பொய் உண்மையை வெளியேற்றிவிட்டது.

பொய்யான நகலை எவ்வாறு ஒழிப்பது? வழக்குத் தொடுத்து முடியாது; ஒன்றை நீக்கினால் ஒன்பது முளைக்கும். உண்மையான படத்தை நாமே தாராளமாக வழங்கினால் பொய் தானே ஒதுங்கும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 2012 அக்டோபரில் 'ரைக்ஸ் ஸ்டூடியோ' என்னும் பெயரில் 1,25,000 படங்களை இணையத்தில் திறந்துவிட்டார்கள். பெரிதாக்கிப் பார்க்கலாம், பதிவிறக்கலாம், விரும்பிய பகுதியை வெட்டியெடுத்துச் சேர்த்து வைக்கலாம், துணியிலும் சுவரிலும் அச்சிட்டுக் கொள்ளலாம். அப்படங்களைக் கொண்டு புதுப்பொருள்களைப் படைப்போருக்குப் பரிசுப் போட்டியும் பின்னர் நடத்தினார்கள். ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தையோ, தூரிகையின் ஒவ்வொரு தீற்றலும் சாயத்தின் வெடிப்பும் தெரியும் அளவுக்கு நுணுக்கமாகப் படமெடுத்து 2022ஆம் ஆண்டில் அனைவர்க்கும் வழங்கினார்கள்.

அஞ்சியது நடந்ததா?

'வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் பார்த்துவிட்டால், நேரில் யார் வருவார்? படங்களை விற்று வரும் வருவாய் போய்விடுமே!' என்பது அருங்காட்சியகங்களின் பழைய அச்சம். ரைக்ஸ்மியூசியத்தில் படங்களை விற்றுக் கிடைத்த தொகை, மொத்த வருவாயில் மிகச் சிறு பங்காகவே இருந்தது. கட்டடம் மீண்டும் திறந்த 2013ஆம் ஆண்டில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வந்தார்கள். அக்கூட்டத்துக்கு இணையதளமே காரணம் என்று கூறிவிட முடியாது. புதுப்பித்த கட்டடத்தின் ஈர்ப்பே பெரிது. ஆனால், படங்களை வாரி வழங்கியதால் மக்கள் வரவு குன்றிவிடவில்லை என்பது உறுதி.

பிறரும் அவ்வழியில் நடந்தார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை எவ்விதக் கட்டுப்பாடுமின்றிப் பொதுவுடைமையாக்கியது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020 பிப்ரவரியில் 28 இலட்சம் படங்களைத் திறந்துவிட்டது. பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகம் 2021 மார்ச்சில் 4,80,000க்கும் மேற்பட்ட பொருள்களின் பதிவுகளை யாவரும் இலவசமாகக் காணச் செய்தது.

படம் மட்டும் போதுமா?

படங்களைக் குவித்துவிட்டால் பணி முடிந்துவிடுமா? இல்லை. இலட்சம் படங்களுக்கு நடுவே வழிகாட்டி இன்றி நிற்பவர், சந்தையில் தவறவிட்ட குழந்தையைப் போன்றவர். அவருக்குத் தேவை கதை.

லூவரில் உள்ள ஒரு பித்தளைத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். எகிப்து அல்லது சிரியாவில், மம்லூக் ஆட்சிக் காலத்தில், 1320-1340 அளவில் செய்யப்பட்டது. வெள்ளியும் பொன்னும் பதித்த அற்புத வேலைப்பாடு. முஹம்மது இப்னு அஸ்ஸைன் என்னும் கைவினைஞர் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். இதே கலம் பிரெஞ்சு அரச குடும்பத்தைச் சென்றடைந்து, 1606இல் பதின்மூன்றாம் லூயியின் திருமுழுக்குக்குப் பயன்பட்டது! 'புனித லூயியின் திருமுழுக்குத் தொட்டி' என்று அதற்குப் பெயரும் வந்தது. அந்தப் புனித லூயி மன்னரோ, தொட்டி செய்யப்படுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1270இல் இறந்துவிட்டவர்!

'கலம். பித்தளை. 14ஆம் நூற்றாண்டு' என்று எழுதுவதற்கும், இக்கதையை எளிய நடையில் பத்து வரிகளில் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்தித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை. முன்னது காப்பாளரின் குறிப்பேட்டுக்கு உரியது. பின்னதோ பத்து வயதுப் பிள்ளையையும் இருத்தி வைக்கும்.

தேடலிலும் இதே இடைவெளி உண்டு. அறிஞர் ஒரு கலைச்சொல்லால் குறிப்பார். பொதுமக்கள் 'நீலப் பூப்போட்ட ஓடு' என்று தேடுவார்கள். அமெரிக்க அருங்காட்சியகங்கள் சில சேர்ந்து நடத்திய 'ஸ்டீவ்' என்னும் ஆய்வுத் திட்டத்தில், படங்களைப் பார்த்துப் பொதுமக்கள் சூட்டிய சொற்களில் பெரும்பாலானவை அருங்காட்சியகப் பதிவேடுகளில் இல்லவே இல்லை என்பது தெரிய வந்தது. மக்களின் சொல்லையும் பதிவேட்டில் ஏற்றினால்தான் மக்கள் தேடுவது மக்களுக்குக் கிட்டும். பார்வையற்றோர் செவியால் அறியும்படி ஒவ்வொரு படத்துக்கும் விவரிப்பு எழுதுவதும், விலைகுறைந்த கைப்பேசியிலும் தடையின்றித் திறக்கும்படி பக்கங்களை அமைப்பதும் இதே கடமையைச் சேர்ந்தவையாகும்.

பார்ப்பவரும் பங்காளரே

2020ஆம் ஆண்டில் கொரோனா நோய்த்தொற்றால் உலகெங்கும் அருங்காட்சியகங்கள் மூடப்பட்டன. அப்போது நெதர்லாந்தில் சிலர் தொடங்கிய ஒரு விளையாட்டைக் கண்டு, அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகம் மக்களுக்கு ஓர் அழைப்பு விடுத்தது. 'பிடித்த ஒரு கலைப்படைப்பைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டே அதனைப் போலச் செய்து படமெடுத்து அனுப்புங்கள்' என்பதே அது. போர்வை அரச உடையாயிற்று. சமையற்கட்டுப் பாத்திரம் கிரீடமாயிற்று! ஆயிரமாயிரம் குடும்பங்கள் கலந்துகொண்டன. ஓர் ஓவியத்தைப் போலச் செய்ய வேண்டுமாயின், அதனை உற்று நோக்க வேண்டும் அல்லவா? கை எங்கே இருக்கிறது, ஒளி எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது என்று கவனிக்க வேண்டும். பெருஞ்செலவு இல்லாத இந்த அழைப்பு, நெடிய விரிவுரைகள் செய்ய இயலாததைச் செய்தது.

காலம் கடந்துவிட்டால்...

இவையெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்று சிலர் எண்ணக்கூடும். அவர்கள் ஈராக்கின் மோசுல் நகரை நினைத்துப் பார்க்கட்டும். 2015 பிப்ரவரியில், அந்நகர அருங்காட்சியகத்தின் தொன்மையான சிலைகள் சம்மட்டியால் நொறுக்கப்படும் காட்சியை உலகம் கண்டது. அடுத்த சில வாரங்களில் தன்னார்வலர் சிலர் ஒரு பணியைத் தொடங்கினார்கள். முன்பு அங்கே சென்றவர்கள் எடுத்திருந்த புகைப்படங்களைத் தேடித் திரட்டி, அவற்றைக் கொண்டு உடைந்த பொருள்களின் முப்பரிமாண வடிவங்களைக் கணினியில் உருவாக்க முற்பட்டார்கள். பார்வையாளர் யாரோ ஒருவர் போகிற போக்கில் எடுத்த படமே, இல்லாமற் போனதற்கு எஞ்சிய சாட்சியாக நின்றது!

நல்ல நாளில் நிதானமாக, எல்லாக் கோணங்களிலும் படமெடுத்து, ஓரிடத்தில் மட்டும் பூட்டி வைக்காமல் உலகெங்கும் பரவ விடுவது எத்தகைய பாதுகாப்பு என்பதை இதிலிருந்து உணரலாம். கல்லும் மரமும் அழியக்கூடும். ஆயிரம் இல்லங்களில் பரவிய படத்தை எந்தச் சம்மட்டியாலும் உடைக்க முடியாது. எனினும், படம் ஒருபோதும் பொருளுக்கு ஈடாகாது. பொருள் இருக்கும்போது அதன்பால் மக்களை ஈர்ப்பதும், இல்லாதபோது அதன் நினைவைக் காப்பதுமே படத்தின் பணி.

நம் இல்லங்களில்

இச்செய்தியால் நமக்கு என்ன பயன் என்று வாசகர்கள் கேட்கலாம். ஆம்ஸ்டர்டாமின் அதே ரைக்ஸ்மியூசியத்தில் சோழர் காலத்து நடராசர் வெண்கலச் சிற்பம் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் வார்க்கப்பட்ட அதனைக் காண, தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இணையம்தான் வழி. ஆனால், தமிழில் தட்டித் தேடும் பிள்ளைக்கு உலகின் பேரருங்காட்சியகங்களுள் எத்தனை விடை கூறும்? வாசல் திறந்தும் மொழி தெரியாமல் வெளியே நிற்பவர் கோடிக்கணக்கானோர். இனி இணையதளங்களைச் செம்மைப்படுத்துவோர் முதலில் கவனிக்க வேண்டிய குறை இதுவே.

அக்குறை தீரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை அருகே அமர்த்திக்கொண்டு அர்தபீல் கம்பளத்தைத் திரையில் விரித்துக் காட்டுங்கள். 'அந்தப் பெயரும் ஆண்டும் எங்கே இருக்கின்றன, கண்டுபிடி பார்க்கலாம்' என்று சொல்லிப் பாருங்கள். தேடும் கண்கள் நெசவையும் நிறத்தையும் தாமே கற்றுக்கொள்ளும். ஒரு பொருளைப் பற்றிய விளக்கம் போதாது என்று தோன்றினால், அந்த அருங்காட்சியகத்துக்கு இரண்டு வரி எழுதிக் கேளுங்கள். கேட்பவர் பெருகினால்தான் காப்பவரும் விழிப்பார். அமானிதத்தைப் பேணுவோருக்கு ஒரு கடமை இருப்பது போல், அதற்கு உரியவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. அது, வாசல்வரை சென்று கதவைத் தட்டுவது.