பிளக் சுற்றுகிறதா? ஓட்டையைப் பாருங்கள்

ஷெல்ஃபில் புத்தகம் அடுக்கிக் கொஞ்ச நாளில் மேல் ஸ்க்ரூ சுவரை விட்டு நூலளவு விலகி நிற்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து முறுக்கினால் இறுகாது. சுவர் ஓட்டைக்குள் ஸ்க்ரூவைப் பிடித்திருக்கும் பிளக்கும் சேர்ந்து சுற்றும். பிளக் மட்டமானது என்று புதிதாக ஒன்று வாங்கி அதே ஓட்டையில் செருகுவோம். அதுவும் நிற்காது. கோளாறு பெரும்பாலும் ஓட்டையில்தான்.

ஸ்க்ரூ ஏற ஏற, பிளந்திருக்கும் பிளக்கின் வால் விரிந்து ஓட்டையின் பக்கங்களை நெருக்குகிறது. அந்த நெருக்கலில் பிறக்கும் உராய்வுதான் பிடிமானம். பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களைச் சிதைக்காமல் மின்பொருள்களைப் பொருத்துவதற்காக ஜான் ஜோசப் ராலிங்ஸ் 1911 வாக்கில் சணல் நாரில் இத்தகைய பிளக்கைச் செய்தார். இன்று கடையில் கிடைப்பது, ஜெர்மனியின் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் உருவாக்கிய நைலான் பிளக்கின் வழிவந்தது. நார் போய் நைலான் வந்தும் தத்துவம் மாறவில்லை: நெருக்கப்படும் இடம் கெட்டியாக இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் சிக்கல் அங்கேதான். உள்சுவர்ப் பூச்சு பொதுவாக 12 முதல் 15 மி.மீ. கனம். 6 மி.மீ. பிளக்கின் நீளமோ 30 மி.மீ. பாதி பிளக் பூச்சுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பூச்சு நெருக்கலைத் தாங்காமல் பொடியும். டிரில் போடும்போது கொட்டும் தூளைக் கவனியுங்கள். முதலில் சாம்பல் நிறம். செங்கல்லைத் தொட்டதும் சிவப்பு. கடைசிவரை சாம்பலாகவே வந்தால் பிட் இரண்டு கல்லுக்கு நடுவே சாந்தில் இறங்கியிருக்கலாம். அந்த இடத்தை நம்ப வேண்டாம்.

மேல் ஸ்க்ரூ மட்டும் கழல்வதற்கும் காரணம் உண்டு. 25 செ.மீ. அகலத் தட்டின் முன்விளிம்பில் 10 கிலோ வைத்தால், பிராக்கெட்டின் கீழ்முனைக்கும் மேல் ஸ்க்ரூவுக்கும் இடைவெளி 10 செ.மீ. என்றால், அந்த ஸ்க்ரூவை வெளியே இழுக்கும் விசை 25 கிலோ எடைக்குச் சமம். இடைவெளி 20 செ.மீ. ஆனால் அது பாதியாகிவிடும். கனத்தைச் சுவரோரம் தள்ளி வைத்தாலும் குறையும்.

சரிசெய்ய, பிளக்கை இடுக்கியால் பிடுங்கி, தூளை முழுக்க ஊதி எடுங்கள். உள்ளே செங்கல் நன்றாக இருந்தால் 8 மி.மீ. பிட்டால் ஆழமாகத் துளைத்து, 40 மி.மீ. பிளக்கைப் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகும்படி அடியுங்கள். ஸ்க்ரூவும் அதற்கேற்ற நீளத்தில் வேண்டும். ஓட்டை கோணலாகப் பெயர்ந்திருந்தால், இரண்டு பகுதி எபாக்ஸி பசையைப் பிசைந்து அடைத்து, அதற்குள் பிளக்கைச் செருகிவிட்டு, நன்றாக இறுகிய பிறகே ஸ்க்ரூ போட வேண்டும். இந்தப் பொறுமைதான் பலருக்கு இருப்பதில்லை. தீக்குச்சி செருகுவது காலண்டருக்குப் போதும், புத்தகத்துக்கு ஆகாது.

ஏஏசி பிளாக், ஹாலோ பிளாக் சுவருக்குச் சாதாரண பிளக் சரிவராது. அவற்றுக்கென்று தனி பிளக்குகள் விற்கின்றன. ஓட்டையை இடம் மாற்றுவதானால், சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள். ஒயர் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும்.