கருவிழியைச் சுற்றி ஒரு வளையம்

"அண்ணே, ஸ்டெம் செல் போட்டா கண்ணு திரும்ப வந்துடுமாமே, நெசமா?"

கேட்டது எங்கள் தெருப் பையன். ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாக ஆலையில் கான்ட்ராக்ட் வேலை. பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் இரும்புப் பாகங்களில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க, காஸ்டிக் சோடா கலந்த தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அந்தத் தொட்டியைக் கழுவும்போது இடது கண்ணில் தெறித்துவிட்டது. கண்ணாடி போடவில்லை. குழாயில் ரெண்டு தடவை முகத்தை அலம்பிக்கொண்டு, நண்பன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து டாக்டரிடம் போயிருக்கிறான். எட்டு மாதம் ஆகிறது. இப்போது அந்தக் கண்ணில் கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு படலம், அதன்மேல் சிவப்பாக ரத்தக் குழாய்கள். வெளிச்சம் தெரிகிறது, விரலை எண்ண முடியவில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைக் காட்டினான். மூட்டுவலி, சர்க்கரை, ஆட்டிசம், பார்வைக் குறைவு, எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டெம் செல் ஊசி. லட்சங்களில் கட்டணம். அவன் அம்மா நகைக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்.

'ஏமாத்து வேலைடா' என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. ஏனென்றால் வளர்ந்த மனிதரின் ஸ்டெம் செல்லை வைத்து நிஜமாகவே பலன் கண்டிருக்கும் வெகு சில சிகிச்சைகளில் ஒன்று, இவனுக்கு வந்திருக்கிற இதே பிரச்சினைக்கானது. வீடியோவில் இருப்பது அது இல்லை, அவ்வளவுதான்.

கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. அதனால்தான் அது கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதன் மேல்தோல் ரொம்ப மெல்லியது, தினமும் தேய்ந்து உதிரும். ஒரு வாரம் பத்து நாளில் முழுசாகப் புதுசாகிவிடும். அந்தப் புதுச் செல்கள் எங்கிருந்து வருகின்றன? கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். கறுப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் ஒரு வட்டம் தெரியும். லிம்பஸ் என்பார்கள். ஸ்டெம் செல்கள் (தமிழில் குருத்தணு) குடியிருப்பது அந்த வளையத்தில்தான். 1986-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் துங்-தியென் சுன் குழுவினர் இதை வாதிட்டார்கள். அதற்குமுன் கருவிழி முழுக்க அவை பரவியிருக்கும் என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

அந்த வளையம் வெந்துபோனால் உற்பத்தி நிற்கும். பக்கத்து வெள்ளைப் பகுதியின் தோல், ரத்தக் குழாய்களையும் இழுத்துக்கொண்டு கருவிழிமேல் படர்ந்துவிடும். வேலி போன வயலில் கருவேலம் ஏறுகிற மாதிரி. சரி, கண் தானத்தில் கிடைக்கும் கருவிழியை வைத்துத் தைக்கலாமே? தைக்கலாம். ஆனால் வைப்பது நடுத் துண்டு. அதன் மேல்தோல் நாளடைவில் உதிர்ந்ததும் புதுசாக்க ஆளில்லை. பழையபடி படலம் ஏறும்.

1997-ல் இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேலே டெ லூக்கா குழுவினர், காரத்தால் கண் வெந்த இரண்டு பேருக்கு, அவர்களுடைய நல்ல கண்ணின் வளையத்திலிருந்து துளி எடுத்து ஆய்வகத்தில் தாளாக வளர்த்து ஒட்டினார்கள். 2010-ல் 112 நோயாளிகளின் முடிவு வெளியானது, 76.6 சதவீதக் கண்களில் மேற்பரப்பு நிலையாகத் தெளிந்தது. 2015-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதை ஹோலோக்ளார் என்ற பெயரில் மருந்தாகவே அனுமதித்தது. ஆனால் செல் வளர்க்க மருந்துத் தரத்தில் ஆய்வகம் வேண்டும். செலவு எக்கச்சக்கம்.

இங்கேதான் ஹைதராபாத் வருகிறது. எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்திலும் முதலில் ஆய்வகத்தில் வளர்த்துத்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு டாக்டர் வீரேந்தர் சாங்வான் குழுவினர் கேட்ட கேள்வி எளிமையானது: செல் வளர ஆய்வகம் எதற்கு, கண்ணே போதாதா? நல்ல கண்ணின் வளையத்திலிருந்து 2 மி.மீ.க்கு 2 மி.மீ. துண்டு எடுக்கிறார்கள். எள்ளளவுதான். அதை எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்குகிறார்கள். கெட்ட கண்ணின் படலத்தை உரித்துவிட்டு, தானமாகக் கிடைத்த பனிக்குடச் சவ்வை விரித்து, அதன்மேல் துணுக்குகளை நடுவை விட்டுச் சுற்றிவர ஃபைப்ரின் பசையால் ஒட்டுகிறார்கள். மேலே ஒரு மென்மையான கான்டாக்ட் லென்ஸ். ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் செல் படர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். நாற்றங்கால் வைக்காமல் நேரடியாக வயலில் நடுகிற வேலை. ஸ்லெட் என்று இதற்குப் பெயர், 2012-ல் வெளியிட்டார்கள். 2016-ல் 125 பேரின் முடிவு வந்தது: சராசரியாக ஒன்றரை வருடக் கண்காணிப்பில் 76 சதவீதம் வெற்றி. இரண்டு ஆய்வும் வேறு வேறு நோயாளிகள் என்பதால் இத்தாலிக் கணக்கோடு நேராக ஒப்பிடக்கூடாது. இருந்தாலும் ஆய்வகமே இல்லாமல் இது!

'வெற்றி' என்றால் மேற்பரப்பு தெளிந்தது என்று அர்த்தம். அடியில் தழும்பு ஆழமாக இருந்தால் அதன்பிறகு கருவிழி மாற்றும் தேவைப்படலாம். இன்னொரு கண் நன்றாக இருக்கவேண்டும், கண்ணில் ஈரம் வேண்டும், அழற்சி அடங்கியிருக்கவேண்டும்.

இதையெல்லாம் சொன்னபிறகு அவன் கேட்டான்: "அப்ப அந்த வீடியோ?"

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நடந்ததைச் சொன்னேன். விழித்திரை தேய்ந்த மூன்று பெண்களுக்கு, அவர்களின் வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த 'ஸ்டெம் செல்'லை ஒரு கிளினிக்கில் இரண்டு கண்ணிலும் ஊசியாகப் போட்டார்கள். ஆளுக்கு 5,000 டாலர். மூவருக்கும் இருந்த பார்வையும் பெருமளவு போனது. 2017-ல் மருத்துவ இதழில் வெளிவந்தது. கொழுப்புச் செல்லுக்கு விழித்திரையில் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. லிம்பஸ் சிகிச்சையில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது: அந்தச் செல் பிறந்ததிலிருந்து பார்த்த அதே வேலையை, அதே மாதிரி இடத்தில், திரும்பவும் பார்க்கிறது.

எலும்பு மஜ்ஜை மாற்றும் இப்படித்தான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் செய்கிறார்கள். ரத்தம் உண்டாக்கும் செல்லை ரத்தம் உண்டாக்கவே வைக்கிறார்கள்.

நம் ஊர் விதிமுறையில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடிக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2007-ல் வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பில் 'ஆராய்ச்சி மற்றும் சிகிச்சை' என்று இருந்தது. 2013 பதிப்பில் 'சிகிச்சை'யை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். பெரும்பாலானவை இன்னும் ஆராய்ச்சிதான், சிகிச்சை ஆகவில்லை என்பதற்காக. 2017 பதிப்பிலும் அந்த வார்த்தை திரும்பவில்லை. விளம்பரங்களில் மட்டும் அது பத்திரமாக இருக்கிறது.

அவனிடம் சொல்லத் தயங்கிய ஒன்றும் உண்டு. அமிலம் பட்டால் மேலே உள்ள புரதம் உறைந்து, அதுவே ஓரளவு தடுப்பாகிவிடும். காரம் அப்படியில்லை, செல்சவ்வின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். ஆகவே முதல் சில நிமிடம்தான் அந்த வளையத்தின் ஆயுள். ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம், இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு. டாக்டரிடம் ஓடுவது அதற்கப்புறம். கண் கழுவும் குழாய் பத்து நொடியில் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி தருவது நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவிலேயே இருந்தது.

கடைசியில் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்க லைன்ல அந்தக் குழாய் இருக்குண்ணே. பச்சை போர்டு கூட மாட்டியிருக்கு. முன்னாடி அட்டைப்பெட்டி அடுக்கி வெச்சிருப்பாங்க."

அடுத்த வாரம் கருவிழி நிபுணரிடம் போகிறோம். நகை இப்போதைக்கு பீரோவில் இருக்கிறது. அட்டைப்பெட்டியை நகர்த்தச் சொல்லி ஷிப்ட் பசங்க குரூப்பில் அவன் மெசேஜ் போட்டிருக்கிறான்; ரெண்டு பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள்.