மின்சார பஸ்களும் தோணிரேவும்

தோணிரேவு என்பது பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள ஒரு சிற்றூர். ரேவு என்னுஞ் சொல் துறையைக் குறிப்பதாகலின், தோணிகள் வந்து தங்குந் துறை என்பதே அவ்வூர்ப்பெயரின் பொருளாம். ஏரியில் மீனும் இறாலும் நண்டும் பிடித்து வாழ்வோரும், பனையோலையாற் கூடை முதலியன முடையும் மகளிரும் அப்பகுதியில் உறைகின்றனர். சென்னை மாநகரின் வீதிகளிலே 2025 ஆம் ஆண்டு முதல் ஓடத் தொடங்கிய புதிய மின்சார பஸ்களுக்கும் இவ்வேரிக்கரை மக்களுக்கும் யாது தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு, அதுவும் அணுக்கமானதே. நகரத்திற்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பெரும் பங்கு, இவ்வேரிக்குத் தென்பாலுள்ள எண்ணூர்க் கழிமுகத்தின் பக்கத்திலே நிலக்கரியை எரித்து எடுக்கப்படுகின்றது. ஆதலின், பொதுமக்களுக்குரிய ஊர்திகளை மின்சார ஊர்திகளாக மாற்றும் இம்முயற்சியின் நன்மை யாது, அதன் குறை யாது, அக்குறையை நீக்கும் வழி யாது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

மின்சாரத்தால் ஊர்தி செலுத்துதல் நமக்குப் புதியதன்று. சென்னையில் 1895 ஆம் ஆண்டு மே மாதத்திலேயே மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. இந்தியாவில் முதன் முதல் மின்சார டிராம் கண்ட நகரம் சென்னையே. தொடக்கத்தில் மின்சாரக் கம்பிகள் பாதையின் கீழே பதிக்கப்பெற்றிருந்தன. மாரிக்காலத்து மழையினால் அவை பழுதுற்றமையின், பின்னர்க் கம்பிகளை மேலே கட்டித் தொங்கவிட்டனர். அவ்வண்டிகள் 1953 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நின்றுபோயின. அதன்பின் நகரத்தின் பெருவாரியான பிரயாணிகளைச் சுமக்கும் பொறுப்பு டீசல் பஸ்களின் மேலதாயிற்று. அரசாங்கத்தார் நடத்திவந்த பஸ்கள் 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின்கீழ் வந்தன. இஞ்ஞான்று மாநகர்ப் போக்குவரத்துக் கழகம் எனப்படுவது அதன் வழிவந்ததே.

அரசாங்கத்தார் தம் ஊர்திகளை மின்சார ஊர்திகளாக மாற்ற முற்பட்ட முதல் பெரிய முயற்சி பஸ்களைப் பற்றியதன்று. அதிகாரிகள் ஏறிச்செல்லும் கார்களைப் பற்றியதாகும். மத்திய மின்துறை அமைச்சகத்தைச் சார்ந்த எரிசக்தித் திறன் சேவைகள் நிறுவனம், 2017 ஆம் ஆண்டில் 10,000 மின்சாரக் கார்களை மொத்தமாகக் கொள்முதல் செய்து, அவற்றை அரசாங்க அலுவலகங்களுக்கு வாடகைக்கு விடுவதெனத் திட்டமிட்டது. மிகுதியாக வாங்கினால் விலை குறையும் என்பது அதன் கருத்து. விலை குறைந்தது உண்மையே. ஆயினும், ஒருமுறை மின்னேற்றிய கார் நகரத்துள் 80 கிலோமீட்டரளவே ஓடுகின்றது என்று அதிகாரிகள் குறை கூறியதாக 2018-இல் பத்திரிகைகள் எழுதின. மின்னேற்றும் நிலையங்களும் அந்நாளில் மிகச் சிலவே. குறித்த காலத்துள் 10,000 என்னும் எண்ணின் ஒரு சிறு பங்கே நிறைவேறிற்று. வண்டியை மட்டும் மாற்றி, அதற்கு உணவூட்டும் ஏற்பாட்டை மாற்றாதொழியின் காரியம் கைகூடாது என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

பஸ்களின் நிலை இதனின் வேறு. கார் எங்கே செல்லும், எப்போது திரும்பும் என்பது முன்னரே துணியப்படுவதன்று. பஸ்ஸோ நாள்தோறும் ஒரே வழியில், ஒரே நேரத்தில், ஒரே தூரம் ஓடி, இரவில் தன் பணிமனைக்குத் திரும்புவது. ஆதலின் மின்னேற்றும் கருவிகளைப் பணிமனையிலேயே அமைத்துவிடலாம். சீன தேசத்து ஷென்சென் நகரம் தன் 16,000-க்கு மேற்பட்ட பஸ்கள் அனைத்தையும் 2017 ஆம் ஆண்டிறுதிக்குள் மின்சார பஸ்களாக மாற்றி முடித்ததற்கு இஃது ஒரு முக்கிய காரணமாம். சென்னையில் உலக வங்கியின் துணையோடு 625 மின்சார பஸ்களை முதற்கட்டமாக விடுவதெனத் தீர்மானிக்கப்பட்டது. 2025 ஜூன் 30-ஆம் நாள் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 பஸ்களும், ஆகஸ்டு 11-ஆம் நாள் பெரும்பாக்கத்திலிருந்து 135 பஸ்களும் புறப்பட்டன. இவை ஒருமுறை மின்னேற்றினால் 200 கிலோமீட்டர் வரை ஓடவல்லன. பஸ்ஸின் தளம் தாழ்ந்திருத்தலால் முதியோரும் உடலூனமுற்றோரும் எளிதில் ஏறலாம். பஸ்களை வாங்குவதும் ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் தனியார் நிறுவனத்தின் கடமை. நடத்துநரை அமர்த்திக் கட்டணம் பெறுவது கழகத்தின் கடமை. ஓடிய தூரத்திற்குக் கிலோமீட்டர்க் கணக்கில் கழகம் நிறுவனத்திற்குப் பணம் கொடுத்துவிடும். மின்சார பஸ்ஸின் முதல்விலை டீசல் பஸ்ஸினும் மிக அதிகமாதலின், அச்சுமையை ஒரே நாளில் கழகத்தின் தலைமேல் ஏற்றாதிருத்தற்கு இம்முறை கையாளப்பட்டது.

இனி, மின்சார பஸ் இயங்கும் வகையைக் கூறுவாம். டீசல் எஞ்சினில் எண்ணெய் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகின்றது. எஞ்சியது புகையாகவும் சூடாகவும் வீணே கழிகின்றது. மின்சார மோட்டாரோ தனக்குக் கிடைத்த சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு தொழிலாக மாற்றவல்லது. அன்றியும், ஓட்டுநர் வேகத்தைத் தணிக்குங்கால், அதே மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கும் பொறியாக மாறி, ஓட்டத்தின் ஆற்றலிற் சிறிது பாகத்தை மீண்டும் மின்கலத்திற் சேர்க்கின்றது. நூறடிக்கு ஒருமுறை நின்று நின்று செல்லும் நகரத்துப் பஸ்ஸுக்கு இது பெரிய ஆதாயம். நிற்கும்போது எஞ்சின் வீணே உறுமுவதுமில்லை. இதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு: பஸ்ஸின் வாலிலிருந்து கரும்புகையும் நைட்ரஜன் வாயுக்களும் வெளிப்படுவதில்லை. பஸ் நிறுத்தத்திலே நாள்தோறும் காத்து நிற்கும் பள்ளிச் சிறுவர்க்கும், கூலி வேலை செய்வோர்க்கும், பாதையோரத்திற் கடை வைத்திருப்போர்க்கும் இஃது உயிர்க்கு உறுதி பயப்பதாம்.

இத்துணை நன்மையும் உண்மையே. ஆயின், மின்சாரம் தானே விளைவதன்று. எங்கோ ஓரிடத்தில் ஒன்றைச் செலவிட்டே அது பெறப்படுகின்றது. அவ்விடம் எது என்று வினவாமல், வீதியிற் புகை இல்லை என்றமட்டில் மகிழ்ந்திருத்தல், வீட்டுக் குப்பையை அயலான் வாயிலிற் கொட்டிவிட்டு வீடு தூய்தாயிற்று என்பதனோடொக்கும்.

எண்ணூருக்கருகே வடசென்னை அனல்மின் நிலையம் உளது. அதன் முதற்பகுதி 630 மெகாவாட்டும், இரண்டாம் பகுதி 1,200 மெகாவாட்டும் ஆற்றலுடையன. அதனை அடுத்து 1,500 மெகாவாட் ஆற்றலுடைய வல்லூர் நிலையம் நிற்கின்றது. இந்நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரை சாம்பலாகும். அச்சாம்பலை நீரிற் கரைத்துக் குழாய் வழியே சாம்பற் குளத்திற்கு அனுப்புகின்றனர். குழாய்கள் பலகாலும் உடைந்தமையின் சாம்பற்குழம்பு கொசஸ்தலையாற்றிலும் அதன் உப்பங்கழிகளிலும் புகுந்து படிந்தது. ஆழமாயிருந்த இடங்கள் மேடாயின. இறாலும் நண்டும் வளரும் சேறு சாம்பல் மூடிக் கெட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022-இல் இதுபற்றி விரிவாக விசாரித்துத் தீர்ப்புக் கூறியுள்ளது. எண்ணூர்க் கழிமுகமும் பழவேற்காட்டு ஏரியும் பக்கிங்காம் கால்வாயால் இணைக்கப்பெற்றவை. ஒன்றின் கேடு மற்றொன்றுக்கு அயலதன்று.

இதனால் டீசலே நன்று என்று யாரும் கருதற்க. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வழிந்த எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. படகும் வலையும் எண்ணெய் பூசிக் கறுத்தன. மீனவர் பல நாள் தொழிலிழந்தனர். ஆகவே எண்ணெயாயினும் நிலக்கரியாயினும் இறுதியில் அதன் கறை வந்து படிவது கழிமுகத்து மக்கள் மேலேயாம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமிலவாயு உண்டாகும். நகரத்து டீசல் பஸ் லிட்டருக்கு 4½ கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், கிலோமீட்டர் ஒன்றுக்கு 600 கிராம் ஆகின்றது. மின்சார பஸ் கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் மின்சாரங் கொள்வதாக வைத்துக்கொள்வோம். இந்திய நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரி 0.7 கிலோ கரியமிலவாயு வெளிப்படுகின்றது. ஆகவே கிலோமீட்டருக்கு 840 கிராம். டீசலைத் தோண்டியெடுத்துச் சுத்திகரிக்குங்கால் வெளிப்படுவதையும் சேர்த்தால் இவ்வேற்றுமை சுருங்கும். ஆயினும் இற்றைநாள் மின்சார பஸ்ஸினால் உலகத்தின் வெப்பம் தணிகின்றது என்று துணிந்து கூறுதற்கில்லை. வீதியின் காற்றுத் தூய்மையாகின்றது, அம்மட்டே உறுதி.

மற்றொரு கணக்கும் உண்டு. அதுவே நம்பிக்கை தருவது. 625 பஸ்களும் நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓடுமாயின், ஒவ்வொன்றுக்கும் 240 யூனிட்டாக, மொத்தம் 1,50,000 யூனிட் வேண்டும். இதனை முழுதும் நிலக்கரியால் எடுப்பதாயின் யூனிட்டுக்கு 200 கிராமாக, நாள்தோறும் 30 டன் சாம்பல் மிஞ்சும். அதே மின்சாரத்தைக் காற்றால் எடுப்பதாயினோ, 2 மெகாவாட் ஆற்றலுள்ள காற்றாலை தன் முழு ஆற்றலில் நாலில் ஒரு பங்கே சராசரியாகத் தருவதாகக் கொண்டாலும், நாளொன்றுக்கு 12,000 யூனிட் தரும். பதின்மூன்று காற்றாலைகள் போதும்! தமிழ்நாட்டிலோ 10,000 மெகாவாட்டிற்கு மேற்பட்ட காற்றாலைகள் உள. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் நின்று சுழல்வனவற்றை யாவரும் கண்டிருப்பர். ஆனி ஆடி மாதங்களில் மிகுதியாய் வீசுங் காற்று ஐப்பசி கார்த்திகையில் அடங்கிவிடும் என்பது உண்மையே. ஆயினும் வெயிலால் வரும் மின்சாரத்தையும் சேர்த்து, ஓராண்டுக் கணக்கில் ஒப்பந்தஞ் செய்துகொள்ளின் இக்குறை பெரிதன்று. பஸ்கள் இரவிலேயே பெரும்பாலும் மின்னேற்றப்படுதலின், வெயிலுள்ள பகற்பொழுதிலும் அவை இளைப்பாறும் நேரத்திற் சிறிது ஏற்றிக்கொள்ளும் வகை செய்தல் வேண்டும்.

பழைய மின்கலங்களையும் மறத்தலாகாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் கொள்ளளவு குறையும். பஸ்ஸுக்கு உதவாத மின்கலம் நிலையான இடத்தில் வைத்துப் பயன்படுத்தற்கு உதவும். அதுவும் முடிந்தபின் அதிலுள்ள உலோகங்களைப் பிரித்தெடுத்தல் வேண்டும். உற்பத்தியாளரே அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்புடையர் என 2022 ஆம் ஆண்டு மின்கலக் கழிவு விதிகள் கூறுகின்றன. விதி ஏட்டளவில் நில்லாது நடைமுறையில் வருதல் அவசியம்.

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்னும் ஒரு பழைய முறை உண்டு. ஏரியில் இறால் மிகுதியாய்க் கிடைக்கும் இடமும் உண்டு. குறைவாய்க் கிடைக்கும் இடமும் உண்டு. நல்ல இடத்தை ஒருவரே என்றும் பிடித்துக்கொள்ளாதபடி, முறை வைத்து, நாள் வகுத்து, ஒவ்வொருவரும் மாறி மாறி வலையிடுவர். நன்மையும் குறைவும் யாவர்க்கும் முறையே வந்துசேரும். நகரத்து ஊர்திகளைப் பற்றிய இக்காரியத்தில் அவ்வொழுங்கு இல்லை. தூய காற்று என்னும் நல்ல பாடு சென்னையின் வீதிகளுக்கும், சாம்பல் என்னும் கெட்ட பாடு கழிமுகத்துக் குப்பங்களுக்கும் என்றும் மாறாது விழுகின்றது.

இதனை மாற்றுதல் அரிதன்று. மின்சார பஸ்களுக்கு வேண்டிய அளவு காற்றிலிருந்தும் கதிரவனிடமிருந்தும் வரும் மின்சாரத்தைக் கழகம் தனியே ஒப்பந்தஞ் செய்து பெறுக. அதன் கணக்கை ஆண்டுதோறும் யாவரும் காண வெளியிடுக. கழிமுகத்திற் படிந்த சாம்பலை அகற்றும் வேலை, புதிய பஸ்களை விடும் வேலையைப்போலவே நாள் குறித்து நடைபெறுக. சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். ஒருமுறை மின்னேற்றிய பஸ் சென்று திரும்புதற்கு அத்தூரம் தடையன்று. மீன்கூடையோடு சந்தைக்கு வரும் மகளிரும், கல்லூரிக்கு வரும் மாணவரும் புகையில்லாத பஸ்ஸில் ஏறிவரும் நாள் அவ்வழிக்கும் வருதல் வேண்டும். அரசாங்கத்தின் ஊர்திகள் யாவர் பணத்தால் வாங்கப்படுகின்றனவோ, அவர் யாவர்க்கும் அவற்றின் நன்மை சென்று சேர்தலே முறை.