கழுவினால் போகாத சேறு

சேற்றைக் கண்டால் மிதிப்பான், தண்ணீரைக் கண்டால் கழுவுவான், ஆம்பிளை என்றால் அப்படித்தான் என்று நம் வீடுகளில் மூத்த பெண்மணிகளே தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சமாதானம், ஒரு புருஷனுடைய நடத்தையை மன்னிப்பதற்காக ஏற்பட்டதுபோல் தோன்றினாலும், அதன் பாரம் முழுவதும் அவனுக்கு வாழ்க்கைப்பட்டவளின் தேகத்தின்மீதே விழுகிறது. ஏனெனில் அவன் வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய எச்.ஐ.வி. கிருமி, தண்ணீரில் கழுவினால் போவதன்று. ஆணுக்கு அனுபவம் பெருமை, பெண்ணுக்கு அறியாமை கௌரவம் என்று வகுத்துவிட்ட சமூகத்தில், புதுச்சேரியில் கல்லூரிக்குப் பஸ் ஏறும் பெண், ஆணுறை என்ற சொல் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் கூசுகிறாள். தெரிந்தவள் என்றாலே பழகியவள் என்று கருதும் கண்களுக்கு அவள் அஞ்சுகிறாள். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நோயைப் பற்றி முழுமையான அறிவு பெற்றவர்கள் நாட்டின் ஆண்களில் நூற்றுக்கு 31 பேர், பெண்களிலோ 22 பேர். ஆண்களின் கணக்கும் மெச்சத்தக்கதன்று. ஆயினும் ஆணுறை வேண்டுமா, பரிசோதனை வேண்டுமா என்று தாம்பத்தியத்தில் தீர்மானிக்கும் அதிகாரத்தை அவர்களிடமே கொடுத்து வைத்திருக்கிறோம்.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலில் வெளிப்பட்டது 1986இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, டாக்டர் செல்லப்பன் நிர்மலா, மயிலாப்பூரில் காவலில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழில் செய்த பெண்களின் இரத்தத்தைச் சேகரித்து, வேலூருக்குக் கொண்டுசென்று சோதித்தறிந்தார். அது துணிச்சலான விஞ்ஞானப் பணி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஜனங்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டது, இது 'அப்படிப்பட்ட' பெண்களின் வியாதி என்ற தவறான பாடத்தையே. அவர்களிடம் வந்துபோன ஆண்கள் எந்த வீடுகளுக்குத் திரும்பினார்கள் என்று கேட்டவர் சிலரே. அதே சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற எச்.ஐ.வி. சிகிச்சை நிலையத்தின் ஆய்வு ஒன்று, 2000இல் வெளிவந்தபோது அதற்கு விடை சொல்லிற்று: அங்கே சிகிச்சைக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர், கணவனைத் தவிர வேறொருவரை அறியாத இல்லத்தரசிகள்.

இன்றும் பரிசோதனை பெண்ணிடமிருந்தே தொடங்குகிறது. முதற்பிரசவத்துக்காக அரசு மருத்துவமனையில் பெயர் பதிந்துகொள்ள வருகிறவளுக்கு, மற்றச் சோதனைகளோடு எச்.ஐ.வி. சோதனையும் செய்யப்படுகிறது, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் காக்க இது இன்றியமையாதது. முடிவு பாசிட்டிவ் என்று வந்த பின்னர் கணவனை அழைத்தால், "எனக்கென்ன கொறச்சல், நான் எதுக்கு டெஸ்ட் எடுக்கணும்?" என்று அவன் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறான், "நீ வந்த பொறவுதானே இந்த வூட்டுக்கு இது வந்துச்சு" என்று மாமியார் தீர்ப்பளித்துவிடுகிறாள். முதலில் கண்டறியப்பட்டவள் முதலில் பெற்றவள் அல்லள் என்ற எளிய நியாயம் அங்கே எடுபடுவதில்லை. சோதனைக்கு அஞ்சுவதே ஆண்மை என்றாகிவிட்ட இந்த நிலைமையைவிட எனக்கு வேதனை தருவது வேறொன்றில்லை. 

ஆகவே இளம் பெண்கள் அறிய வேண்டியவற்றை மறைக்காமல் சொல்லிவிடுவதே தர்மம். உறையில்லாத உடலுறவு, தொற்றுள்ள இரத்தம், பகிர்ந்துகொண்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தை ஆகிய வழிகளில் இது பரவும். தொடுவதாலும், ஒரே தட்டில் உண்பதாலும், கொசுக்கடியாலும் பரவாது. திடகாத்திரமான தோற்றம் எதற்கும் சாட்சியன்று. தொற்றிய முதல் சில வாரங்களில் சோதனை அதைக் காட்டாமலும் போகலாம் என்பதால், 3 மாதம் கழித்து மறுபடியும் சோதித்துக்கொள்ள வேண்டும். பலாத்காரம் நேர்ந்தாலோ, உறை கிழிந்து சந்தேகம் எழுந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குச் சென்றால், 28 நாள் உட்கொள்ளும் தடுப்பு மருந்து உண்டு. தொற்று உறுதியானால், 2004 முதல் இலவசமாக வழங்கப்படும் கூட்டு மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் அது பிறருக்குப் பரவுவதில்லை. பரிசோதனையும் ஆலோசனையும் புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையிலும் அரசு பொது மருத்துவமனையிலும் இலவசம், ரகசியம். 1097 என்ற எண்ணுக்குப் பெயர் சொல்லாமலே பேசலாம்.

2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ள, 2017ஆம் வருஷத்து எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின்படி, விஷயத்தை விளக்கிச் சம்மதம் பெறாமல் பொதுவாக எவரையும் சோதிக்கலாகாது. தொற்றுள்ளவர், ஆலோசனை பெற்றபின், துணைவரிடம் முன்கூட்டிச் சொல்லவோ தக்க பாதுகாப்புடன் நடக்கவோ கடமைப்பட்டவர். அவர் சொல்லமாட்டார் என்று தெரிந்தால், வைத்தியரோ ஆலோசகரோ, அவருக்கு அறிவித்துவிட்டு, அபாயத்திலிருக்கும் மனைவியிடம் தெரிவிக்க இடமுண்டு. ஆனால் பெண்ணின் நிலையைக் கணவனிடம் சொன்னால் அடி, உதை, கைவிடல் நேரும் என்று அஞ்சத் தக்க காரணம் இருந்தால், அதைச் சொல்லலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. இந்த விதியை எழுதியவர்கள் நம் வீடுகளை அறிந்தே எழுதியிருக்கிறார்கள். தொற்றுள்ளவளைக் குடியிருக்கும் வீட்டிலிருந்து விலக்கவும் முடியாது. வேலையிலோ சிகிச்சையிலோ பாகுபாடு நேர்ந்தால், அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

விவாகத்துக்கு முன் இருவருமே மனமொப்பிச் சோதித்துக்கொள்ளலாம் என்று கேட்பது, மாப்பிள்ளை வீட்டாரை அவமதிப்பதாகாது. இதன் அவசியத்தைக் காட்ட ஒருவர் கதை போதும்: நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, மணமான சில வாரங்களிலேயே தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தவர். 1998இல் பதினெட்டுப் பெண்களோடு பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டில் 'எக்ஸ்' எதிர் 'இசட்' மருத்துவமனை வழக்கில், மணமகனின் தொற்று மணப்பெண்ணுக்குத் தெரிய நேர்ந்தது அந்தரங்க மீறலன்று என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையை மறைத்து மோசடியால் சம்மதம் பெற்ற மணத்தை, ஹிந்து விவாகச் சட்டத்தின்படி, உண்மை தெரிந்த ஓராண்டுக்குள் ரத்துசெய்யக் கோரலாம். ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தம் சொந்த ஆசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற குடும்பத்தாருக்கு அந்தச் சட்டம் செல்லாதாகையால், அக்குடும்பத்துப் பெண்கள் வழக்கறிஞரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். வருமானம் எவ்வளவானாலும் பெண்ணுக்கு இலவச வழக்கறிஞரை அமர்த்தித்தர சட்டப்பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டது. அடிதடியின் அச்சம் இருந்தால் முதலில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்துவிட்டு அந்த ஆணைக்குழுவுக்குச் செல்லலாம்.